மேகவாசலும் வெறுங்கட்டமும்

மேகவாசல் தினமும் காலை ஆறு மணிக்குத் திறக்கும். எந்த இடம், எந்த நாள், எத்தனை மில்லிமீட்டர் மழை என்று மூன்று கட்டங்களை நிரப்பி அனுப்பினால் போதும். கண் இமைப்பதற்குள் ‘ஏற்கப்பட்டது’ என்று பதில் வந்துவிடும். கேட்ட இடத்தில் கேட்ட அளவு பெய்யும். ஒரு வயலை நனைத்துவிட்டு அடுத்த வரப்பில் நின்றுகொள்ளும். மனிதர் கைவேலையில் இத்தனை அழகானதை அதுவரை யாரும் பார்த்ததில்லை.

தூத்துக்குடிப் பக்கம் ஓர் உப்பளத்து ஊரில், எல்லோருக்காகவும் கட்டங்களை நிரப்பி அனுப்புகிறவள் இசக்கிக்கனி. ஊரார் கைப்பேசியில் சொல்வதையெல்லாம் கோத்து ஒரே பொதியாக அனுப்பக் கணினியில் ஒரு தூதுநிரல் எழுதி வைத்திருந்தாள். எழுபது வரிதான், ஒருநாள்கூட அது தூங்கிப்போனதில்லை.

சிக்கல் மூன்றாம் கட்டத்தில் வந்தது.

“மயினி, உங்க உப்புப் பாத்திக்கு மழை எத்தனன்னு போட?” என்று அண்ணன் மனைவி பேச்சித்தாயிடம் கேட்டாள்.

“மழைய வேண்டாம்னு என் வாயால சொல்லவா? ஏட்டி, போ! வெறுமனே விடு, அதுக்குத் தெரியாதாக்கும்?”

அளவு சொல்லாமல் விட்டால், அக்கம்பக்கத்தில் பெய்வதையே மேகவாசல் இங்கும் பொழியும். பேச்சித்தாய் வாரவிருந்த இருபது நாள் உப்பு ஒரே மழையில் கரைந்தது. இன்னொரு முறை கரைந்தால் அவள் பாத்தியே கைவிட்டுப் போய்விடும்.

இசக்கிக்கனி நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தாள்: வெறுங்கட்டம் கண்டால் பூஜ்யம் போடு.

அவ்வளவுதான். மேகங்கள் பாத்திகளைச் சுற்றிக்கொண்டு போயின. உப்பு அம்பாரம் அம்பாரமாக ஏறியது.

“என் நாத்தனாவக் கண்டா மேகமே ஒதுங்கிப் போவுது, மாப்பிள்ளை எவன் வருவான்?” என்று சிரித்தாள் பேச்சித்தாய்.

மூன்றாம் மாதக் கடைசியில் ஊருணியில் தரை தெரிந்தது. ஊருக்குக் குடிக்க அது ஒன்றுதான். பேச்சித்தாய் காலிக்குடத்தோடு வந்து நின்றாள்.

“ஏட்டி, ஊருணிய மேகம் மறந்துட்டா?”

இசக்கிக்கனி மேகவாசலின் பழைய பதில்களைப் புரட்டினாள். ஊருணிக்கும் யாரும் அளவு சொல்லியிருக்கவில்லை. வானம் தருவதற்கு அளவு சொல்லக் கூசுகிற மனிதர்கள், பாவம்.

“மறக்கல மயினி. தொண்ணூறு நாளா நீங்கல்லாம் வேண்டாம் வேண்டாம்னு சொன்னதா எழுதியிருக்கு.”

“ஏட்டி, நா எப்ப சொன்னேன்?”

“வெறுமனே விட்டா பூஜ்யம்னு ஒரு வரி போட்டு, எல்லாருக்கும் சேத்து நான் சொல்லிட்டேன்.”

ஏசுவதற்கு வாய் திறந்த பேச்சித்தாய் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“அழாத. அந்த வரிய அழி. இனி அவங்கவங்க வாயால சொல்லட்டும். ஊருணிக்கு நாப்பதுன்னு போடு. என் பாத்திக்கு...” காலிக்குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். “வேண்டாம்னு போடு. நானே சொல்லுதேன்.”

மறுநாள் மழை வந்தது. ஊருணிக்கரையில் ஊரே நனைந்து கூத்தாடியது. அதை ஒட்டிய தன் பாத்தி வரப்பில் நின்றிருந்தாள் பேச்சித்தாய். ஓடிப்போய் அவளும் நனையலாம்தான். ஆனால் தன் இடத்தில் நின்று ஒரே ஒரு துளி வாங்கிப் பார்க்க ஆசைப்பட்டுக் கையை விரித்தாள்.

மழை ஒரு முழம் தள்ளி, நூல் பிடித்தாற்போலப் பெய்துகொண்டிருந்தது. அவள் சொன்ன சொல்லை அது மீறவேயில்லை.