சிவபாண்டியின் சைக்கிள்

மூலையில் ஆள் ஏறாமல் நின்ற சைக்கிளின் சக்கரம் சூடாக இருந்தது. துடைக்கப்போன பயிற்சி மாஸ்டர் அசோக்குமார் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். நின்ற இடத்திலேயே சைக்கிள் மிதிக்கும் சாயங்கால உடற்பயிற்சி வகுப்புக்கு இன்னும் யாரும் வரவில்லை. திருநகரில் அந்த மாடி அறையின் ஜன்னல்களையெல்லாம் கறுப்புத் துணியால் அடைத்திருந்தான். கீழே சாலையில் போகிற டவுன் பஸ்ஸின் ஹாரன்கூடக் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல்தான் கேட்கும். பினாயிலும் ரப்பரும் பழைய வியர்வையும் கலந்த வாடைக்கு நடுவே, முட்டிவலித் தைலத்தின் நெடி மெலிதாக ஏறியது. அந்தத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வருகிறவர் சிவபாண்டி ஒருத்தர்தான். இந்த மூலைச் சைக்கிளை ஓட்டியவரும் அவர்தான். அவர் போன வாரம் செத்துப்போனார்.

வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போனவர் வாசல் கேட்டைத் திறக்கும்போதே விழுந்துவிட்டார். இன்று மதியம் அவர் மனைவி முத்துமீனா, அவர் விட்டுப்போன துண்டை வாங்க வந்திருந்தாள். படியிலேயே நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"வலிக்குதுன்னு ஏதும் சொன்னாகளா தம்பி?"

"இல்லக்கா. சிரிச்சுக்கிட்டேதான் ஓட்டுனாரு."

கூசாமல் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனான். ஈவு இரக்கம் என்பது மருந்துக்கும் கிடையாது அவனிடம். வகுப்பில் விளக்கை அணைத்து, பாட்டை அலறவிட்டு, இருட்டில் சைக்கிள்களுக்கு நடுவே நடப்பான். கேட்காமல் கொள்ளாமல் ஒவ்வொருவருடைய சைக்கிள் குமிழையும் திருகி மிதியை இறுக்குவான். யாராவது கெஞ்சினால் அதேபோல் இழுத்து இழுத்து மைக்கில் பேசிக் காட்டுவான். சிவபாண்டியின் கெஞ்சலுக்குத்தான் மவுசு அதிகம். வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்துக்கொண்டே "இன்னும், இன்னும்" என்று கத்தும். அன்றைக்கு அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கெஞ்சியபோதும் அவரைப்போலவே பேசிக்காட்டி, குமிழை இன்னும் ஒரு திருகு திருகினான்.

ஆட்கள் வந்து ஏறினார்கள். வரவேற்பில் இருக்கும் தீப்தி விளக்கை அணைத்தாள். மேடைச் சைக்கிளில் அசோக்குமார் ஏறி, ஷூவின் அடிக்கொக்கிகளை மிதியில் மாட்டினான். இந்த வகை சைக்கிளில் நாம் மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் நிற்காது, காலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுற்றும். நிறுத்த வேண்டுமென்றால் குமிழை அழுத்த வேண்டும். சக்கரங்களின் இரைச்சல் அறையை நிரப்பியது. மூலையிலிருந்தும் ஒன்று இரைந்தது. அங்கே யாரும் ஏறவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

பிறகு அந்த இரைச்சல் நின்றது. யாரோ இறங்கினார்கள்.

சைக்கிள்களுக்கு நடுவே காலடிச் சத்தம் அவசரமில்லாமல் வந்தது. அவன் நடப்பது போலவே. தைல நெடி நெருங்கியது. மேடைப் பலகை அழுந்தியது.

அவனுடைய குமிழ் திரும்பியது.

மிதி இறுகியது. இறுகினால் வேகம் குறைய வேண்டும். கூடியது. குமிழை அழுத்தக் கையை நீட்டினான். அங்கே ஒரு கை இருந்தது. ஈரமாக. சில்லென்று.

"போதும்... நெஞ்சு வலிக்குது... விட்ருங்க."

ஸ்பீக்கரில் அவன் குரல் இழுத்து இழுத்து ஒலித்தது. வகுப்பே சிரித்தது. முன்வரிசைத் தமிழ்மாறன் விசிலடித்தான்.

"செத்தவரையும் விடமாட்டீகளா மாஸ்டர்?" என்றான். அதற்கும் சிரித்தார்கள்.

"நடிக்கல. சத்தியமா நடிக்கல."

"இன்னும்! இன்னும்!"

கொக்கியைக் கழற்றக் காலைத் திருப்பினான். திரும்பவில்லை. இன்னொரு திருகு. தொடை எரிந்தது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

பாட்டு முடிந்து விளக்கு எரிந்தது. அவன் பக்கத்தில் யாரும் இல்லை. குமிழ் மட்டும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள். பேச வாயைத் திறந்தான், மூச்சுதான் வந்தது. "வாரோம் மாஸ்டர்" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள். அவன் கன்னத்தில் வழிந்ததை வியர்வை என்று நினைத்து, தீப்தி ஒரு துண்டை எடுத்து அவன் தோளில் போட்டாள். மாஸ்டர் இன்னும் கொஞ்சம் ஓட்டுவார்போல என்று சொல்லி மைக்கை அணைத்தாள். விளக்கையும் அணைத்தாள். கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வலது முழங்கால் முறிந்தது அவனுக்குக் கேட்டது.

முறிந்த காலை மிதி மேலே கொண்டுவந்தது. கீழே கொண்டுபோனது. மறுபடி மேலே கொண்டுவந்தது.