சுக்கு வாசல் தாண்டிய நாள்

அன்று வானம் போடும் முறை மூன்றாம் தெருவுக்கு. அவர்கள் விடியும்போதே ரோஜா நிறத்தை அள்ளிக் கொட்டிவிட்டார்கள். செவ்வாயின் விதான ஊரில் இது வழக்கம்தான். ஊர் முழுவதையும் மூடியிருக்கும் கண்ணாடி விதானத்தின் உட்புறத்தில் ஒளி பூசி வானம் செய்வார்கள். வாரத்துக்கு ஒரு தெரு என்று முறை. குழாயடித் தண்ணீருக்கு முறை வைத்துச் சண்டை போட்டவர்களின் வாரிசுகள் அல்லவா, வானத்தை மட்டும் சும்மா விடுவார்களா? சுவர்த்திரையில் தெருப்பலகையைத் திறந்தால் விடிந்ததிலிருந்து புகார்தான். மேகம் போதவில்லை, ரோஜா நிறம் கண்ணைக் குத்துகிறது, போன வாரத்து வானமே தேவலை.

கோமதிநாயகத்துக்கு அன்று வானத்தைத் திட்ட நேரமில்லை. அவர் வெந்நீர்க் கொதிகலனுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, அதன் பின்னால் இருந்த இருட்டைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"சுக்கு, வாடா தங்கம். அப்பாவுக்காக ஒரே ஒரு வாய்."

இருட்டிலிருந்து இரண்டு பச்சைக் கண்கள் அவரைப் பார்த்தன. கருவாட்டுப் பொடி தூவிய கிண்ணத்தை அவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சுக்கு பிறந்தது குகையூரில். கோமதிநாயகமும் அங்கேதான் பிறந்தார், அவர் மனைவி வடிவும் அங்கேதான். எரிமலைக் குழம்பு எந்தக் காலத்திலோ ஓடிக் குடைந்த பாதாளக் குகை அது. வீடு, கடை, வேலை எல்லாம் பாறைக்குள். வெளியே என்று ஒன்று அங்கே கிடையாது. காற்றுக் குழாய்களுக்குக் காவல் இருந்தே அவருடைய உத்தியோக காலம் முடிந்தது. ஓய்வு பெற்றவர்களுக்கு விதான ஊரில் தோட்டத்தோடு வீடு என்றார்கள். வடிவு தலையாட்டினாள், பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வந்த பிறகுதான் விதி தெரிந்தது. விதான ஊரின் காற்று அதன் தோட்டங்களால் ஆனது. வெளியே இறங்காமல் அந்தக் காற்றை உள்ளே இருந்து தின்றுகொண்டிருக்க யாருக்கும் அனுமதி இல்லை. புதிதாக வரும் வீட்டுக்கு ஒரு பழகுகாலம் உண்டு. அதற்குள் வெளியில் பழகாத உயிர், எதுவாக இருந்தாலும், திரும்பக் குகையூருக்கே போக வேண்டும். அதைக் கேட்டதும் கோமதிநாயகம் நினைத்தது சுக்குவைத்தான். குகையூரில் அவர்கள் இருந்த வீட்டில் இப்போது வேறு ஆட்கள். சுக்குவைத் தனியாக அனுப்பினால் ஏதோ ஒரு பிராணிக் கொட்டடியில் கிடந்து உயிரை விட்டுவிடும்.

பழக்கிவிடுவதற்கென்று நகரசபை ஓர் ஏவலியை அனுப்பியிருந்தது. சொன்னதைச் செய்யும் எந்திரம் என்பதால் அந்தப் பெயர். ஆனால் இந்த ஏவலி சொன்னதை மட்டும் செய்யும் ரகம் அல்ல. நெடுநெடுவென்று வளர்ந்து, கோபமே வராத குரலில் பேசும்.

"தூக்கிக்கொண்டு போய் வெளியே விடக் கூடாது, ஐயா. தானாக நடந்து போக வேண்டும். பசித்திருக்கும் வேளையில் கதவைத் திறந்து வைப்போம். பிடித்த உணவை நாளுக்கு நாள் வாசல் பக்கமாக நகர்த்துவோம். பயந்தால் ஓடி வர வழி இருக்க வேண்டும், எனவே கதவை மூடவே கூடாது. யாரும் இழுக்கக் கூடாது, யாரும் தள்ளக் கூடாது."

அப்படித்தான் செய்தார்கள். சுக்குவுக்கு மார்ப்பட்டை மாட்டி, அதில் ஒரு கயிற்றைக் கோத்து, கோமதிநாயகமே பிடித்துக்கொண்டார். முதலில் சுக்கு நன்றாகத்தான் நடந்தது. வாலைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போகும். நிலைப்படியில் முன்னங்காலை வைக்கும். அவ்வளவுதான், நின்றுவிடும். திரும்பி அவரை ஒரு பார்வை பார்க்கும். பிறகு நேரே கொதிகலன் மூலைக்குப் போய்விடும். நாளாக ஆக அந்த மூலையே கதி என்று ஆகி, சாப்பாடும் குறைந்துபோயிற்று.

"பயப்படுதான் வடிவு. பாவம், பச்சைப்பிள்ளை மாதிரி பயப்படுதான்" என்று சொல்லித் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு பூனைக்காக அழுகிற கிழவன் என்று யாராவது சிரித்தாலும் கவலை இல்லை. அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை, அதுதான் அவரை அரித்துத் தின்றது.

வடிவு சுவர்த்திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அதில் அவர்கள் வீட்டுத் தோட்டம்தான் தெரிந்துகொண்டிருந்தது. கதவு திறந்தேதான் இருந்தது, தோட்டம் நாலு எட்டில் இருந்தது. அவளுக்கு அதைத் திரையில் பார்த்தால்தான் பார்த்த மாதிரி இருக்கும்.

"ரெண்டு குருவி வந்திருக்கு, பாத்தியளா? சுக்கு மட்டும் போனாம்னா ஒரே பாய்ச்சல்தான்" என்றாள்.

பழகுகாலம் அன்றோடு முடிகிறது. மாலைக்குள் ஏவலி நகரசபைக்குத் தன் முடிவைச் சொல்ல வேண்டும். கோமதிநாயகம் கடைசியாக ஒரு தடவை என்று சுக்குவை மூலையிலிருந்து ஆசைகாட்டி வெளியே வரவழைத்து மார்ப்பட்டையை மாட்டினார். கதவு திறந்திருந்தது. ரோஜா வெளிச்சம் கூடத்துத் தரையில் விழுந்து கிடந்தது. சுக்கு மோப்பம் பிடித்தது, நடந்தது, நிலைப்படியில் காலை வைத்தது. நின்றது. திரும்பிப் பார்த்தது.

"போடா ராசா. ஒண்ணும் ஆவாது, போ" என்றார்.

"ஐயா, அந்தக் கயிற்றின் மறுமுனை எங்கே இருக்கிறது?" என்று ஏவலி கேட்டது.

அவர் குனிந்து பார்த்தார். மறுமுனை அவர் இடுப்பு வாரில் மாட்டியிருந்தது. வாரிலிருந்து இன்னொரு கயிறு புறப்பட்டுக் கூடத்துச் சுவரில் ஓடும் கம்பிக்குப் போயிற்று.

அது இடைக்கயிறு. குகையூரில் அதில்லாமல் யாரும் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார்கள். எப்போதோ ஒரு சுவர் பிளந்து, காற்றோடு ஆட்களும் வெளியே உறிஞ்சப்பட்டார்கள். அன்றிலிருந்து இடுப்பில் கயிறு, சுவரில் கம்பி, கொக்கியை மாட்டி நடந்தால்தான் நடை. விதான ஊரில் அதற்குத் தேவையே இல்லை. ஆனாலும் குடிவந்த அன்றைக்கே கோமதிநாயகம் ஆள் வைத்து வீடு நெடுகக் கம்பி அடித்துவிட்டார். சும்மா ஒரு பிடிமானத்துக்கு என்று வடிவிடம் சொன்னார், அவளும் தன் கொக்கியை அதில் மாட்டிக்கொண்டாள். கம்பி நிலைப்படிக்குக் கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிடும். பூனைக்கயிற்றைப் பழக்கதோஷத்தில் அவர் தன் வாரிலேயே மாட்டிக்கொண்டதால், சுக்குவின் உலகமும் நிலைப்படியோடு முடிந்துபோயிற்று.

"சுக்கு பயந்து நிற்கவில்லை, ஐயா. கயிறு அவ்வளவுதான் எட்டுகிறது. தடுக்கப்பட்ட பூனை சாப்பிடாது."

"அட பாவி, இத்தன நாளும் பாத்துக்கிட்டுதான இருந்த? ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

"நீங்களாகவே கொக்கியைக் கழற்றுவீர்கள் என்று காத்திருந்தேன். பழகுகிறவரை இழுக்கக் கூடாது."

கோமதிநாயகத்தின் கை கம்பியில் இருந்த கொக்கிக்குப் போனது. விரல் வைத்து ஓர் அழுத்து அழுத்தினால் போதும், கழன்றுவிடும். அழுத்த வேண்டும் என்றுதான் நினைத்தார். திறந்த வாசலுக்கு அப்பால் சுவரே இல்லாமல் அவ்வளவு வெளிச்சம். கால் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொண்டன. சுக்கு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் கழற்றியது வேறு கொக்கியை. பூனைக்கயிற்றைத் தன் வாரிலிருந்து எடுத்து ஏவலியிடம் நீட்டினார்.

"நீ கூட்டிட்டுப் போ. பையப் போ, அவன் போக்குல விடு."

சுக்கு நிலைப்படியைத் தாண்டிய விதத்தைப் பார்த்தால் அது என்னவோ தினமும் போய்வருகிற இடம் மாதிரி இருந்தது. புல்லை முகர்ந்தது, கடித்தது, புரண்டது. குருவிகளை நோக்கி ஒரே பாய்ச்சல், வடிவு சொன்ன மாதிரியே. அவள் திரைக்கு முன்னால் கை தட்டினாள். கோமதிநாயகத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்போது சுக்கு திரும்பி வாசலைப் பார்த்து, வாயேன் என்பது போல ஒரு குரல் கொடுத்தது. மறுபடியும் கொடுத்தது. அவர் கயிறு எட்டும் மட்டும் போய், அதற்கு மேல் போக முடியாமல் நின்றார்.

நின்ற இடத்திலிருந்து பார்த்தால், வெளியே படிக்கல்லின் மேல் அவருடைய காப்பி டம்ளர் ஆவி பறக்க இருந்தது.

"என் காப்பிய ஏன்டா அங்க கொண்டு வச்ச?" என்று ஏவலியைக் கேட்டவருக்குச் சட்டென்று நினைவு வந்தது. குடிவந்த புதிதில் காப்பி சமையலறைக்கே வந்தது. பிறகு கூடத்துக்கு வந்தது. நேற்றுக் கதவோரம் இருந்தது.

"எம் மாத்திரையும் நேத்து நிலைப்படியிலதான் இருந்திச்சு. ஒரு கம்ப விட்டுல்லா இழுத்து எடுத்தேன்" என்றாள் வடிவு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஏவலி வாசலுக்கு வந்தது. "சுக்குவைப் பற்றிக் கவலை வேண்டாம், ஐயா. அது முதல் நாளே தயார். இங்கேயே இருக்கலாம் என்று நகரசபைக்குச் சொல்லிவிட்டேன். மற்ற இரண்டு பேருக்கும் இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறேன்."

"குடுக்கலேன்னா?"

"நீங்கள் குகையூர் போன பிறகு சுக்குவை நான் பார்த்துக்கொள்வேன்."

அது ஆறுதலாகத்தான் சொல்லியது. சொல்லிவிட்டுக் குனிந்து, காப்பி டம்ளரை ஒரு சாண் அளவு வீட்டுப் பக்கமாக நகர்த்தி வைத்தது. கோமதிநாயகம் கயிறு விறைக்கக் கையை நீட்டினார். விரல் நுனி டம்ளரைத் தொட்டது, பிடிபடவில்லை.

குகையூரிலிருந்து வந்தவர்களின் அந்தத் தெருவில் வேறு மனிதர் யாரும் இல்லை. எல்லா வாசல்களும் திறந்திருந்தன. எல்லாத் தோட்டங்களிலும் ஒரு பூனை, பக்கத்தில் ஓர் ஏவலி. எதிர் வீட்டுக் கூடத்தின் இருட்டில் ஒரு ஜோடிக் கண்கள் தெரிந்தன. எதிர் வீட்டுக்காரர்தான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, உடனே பார்வையை விலக்கிக்கொண்டார்கள்.

சுக்கு மூன்றாம் முறையாகக் கூப்பிட்டது.

கோமதிநாயகம் கம்பியோரமாகவே உள்ளே நடந்து சுவர்த்திரைக்கு வந்தார். ஏதாவது செய்தாக வேண்டும். தெருப்பலகையைத் திறந்து எழுதினார்: "இன்றைக்கு வானம் போட்டவர்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு இருக்கிறதா? இந்த ரோஜா வெளிச்சத்தில் மனுஷன் எப்படி வெளியே நடமாடுவது?"

அடுத்த நொடியே தெரு முழுக்க ஆமாம் ஆமாம் என்றது.