மாமாவின் போனில் துள்ளிய சூரியன்

ரீஹாம் செய்த முதல் பொத்தான் திரையை விட்டே ஓடிப்போய்விட்டது.

அழுத்தினால் அது மெல்ல நகர்ந்து ஓரத்தில் போய் நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஓரத்தைத் தாண்டிப் போனது. போனது போனதுதான்.

"உன் பொத்தான் இந்நேரம் கெய்ரோ போய்ச் சேர்ந்திருக்கும், இன்ஜினியரம்மா. போன் பண்ணி விசாரி" என்றான் அண்ணன் ஹுஸாம்.

"போடா. நாளைக்குப் பாரு, நிக்கும்."

ரீஹாமுக்குப் பதினொரு வயது. அசையும் படங்களும் பொத்தான்களும் உள்ள ஆப் செய்வது எப்படி என்று வீடியோக்களைப் பார்த்து அவளாகவே கற்றுக்கொண்டிருந்தாள். ஒரு முறை எழுதினால் போதும், அதே ஆப் வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், போனிலும் ஓடும். ஆனால் வீடியோவில் பேசுகிறவர் அவசரமாகப் பேசுவார். பாதிதான் புரியும். மீதியைத் தப்பாகச் செய்து செய்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அவள் ஷவ்கி மாமாவுக்காகக் கற்றுக்கொண்டாள்.

மாமா அவளுடைய உம்மாவின் தம்பி. எகிப்தில் நைல் நதிக்கரையில் உள்ள தமியாத் ஊரின் நாற்காலிப் பட்டறை ஒன்றில் வேலை செய்தார். அவர்கள் வீட்டிலேயே இருந்தார். பிறந்ததிலிருந்தே அவருக்குக் காது கேட்காது. கையால்தான் பேசுவார். பள்ளிக்கூடம் போனதில்லை, அதனால் எழுத்தும் தெரியாது.

ரமலான் மாதம் வந்தால் அவருக்கு ஒரு சங்கடம். மாலையில் எல்லாரும் பேரீச்சம்பழத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு நோன்பு திறக்க, பள்ளிவாசலிலிருந்து வரும் பாங்கு என்ற தொழுகை அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். பாங்கு கேட்டதும் கைகள் பழத்துக்கு நீளும். மாமா அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மற்றவர்கள் எடுத்த பிறகு அவர் எடுப்பார்.

போன வருஷம் ஹுஸாம் ஒரு விளையாட்டு விளையாடினான். பாங்குக்கு முன்னாலேயே பழத்தை எடுத்து வாயருகே கொண்டுபோனான். மாமாவும் சட்டென்று எடுத்துவிட்டார். வாயில் வைக்கும் முன் உம்மா அவர் கையைப் பிடித்துவிட்டார். ஆனால் ஹுஸாம் சிரித்த சிரிப்பை மாமா பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு எல்லாரும் பாதி சாப்பிட்டு முடித்ததும்தான் அவர் பழத்தைத் தொடுவார்.

"மாமா, உங்களுக்கு நான் ஒரு சூரியன் செஞ்சு தரேன். அது தண்ணிக்குள்ள போனா நீங்க சாப்பிடலாம். யார் கையையும் பார்க்க வேண்டாம்" என்று ரீஹாம் கையால் சொன்னாள்.

மாமா அவளை வெகுநேரம் பார்த்தார். "யார் கையையும் பார்க்க வேண்டாமா?" என்று திருப்பிக் கேட்டார்.

"வேண்டாம்."

சூரியன் எங்கிருந்து புறப்பட வேண்டும், எங்கே போய்ச் சேர வேண்டும், எத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்று எழுதினாள். எப்படிப் போக வேண்டும் என்பதையும் எழுத வேண்டும். ஒரே சீராகப் போகலாம். இல்லையென்றால் துள்ளிப் போகலாம். துள்ளினால் சேர வேண்டிய இடத்தைக் கொஞ்சம் தாண்டிப் போய், திரும்பி வந்து, முன்னும் பின்னும் ஆடித்தான் நிற்கும். "இதுதான் அசைவுக்கு உயிர்" என்றார் வீடியோக்காரர். ரீஹாம் துள்ளலைத் தேர்ந்தெடுத்தாள்.

சாயங்காலம் முழுவதையும் சில நொடிகளில் ஓட்டிப் பார்த்தாள். நைல் நதியில் இறங்கிய சூரியன் ஒரு குட்டித் துள்ளல் துள்ளியது. அழகாக இருந்தது.

அன்று மாலை நோன்பு திறக்கும் நேரம், அந்தச் சூரியனை ஏற்றிய மாமாவின் போன் தண்ணீர்க் குவளையில் சாய்ந்து நின்றது. உம்மா பருப்புச் சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தார். மாமா யாரையும் பார்க்கவில்லை. போனை மட்டும் பார்த்தார்.

சூரியன் தண்ணீரைத் தொட்டது. பாதி முழுகியது. முழுதும் முழுகியது.

மாமாவின் முகம் மலர்ந்தது. உதடுகள் பிஸ்மில்லாஹ் என்று அசைந்தன. பழம் வாய்க்குள் போனது. ஒரு மடக்குத் தண்ணீரும் போனது.

உம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. வெளியே பாங்கு சொல்லவில்லை.

"மாமா!" என்று கத்தினான் ஹுஸாம். கத்தி என்ன பயன்?

அப்போது போனில் சூரியன் தண்ணீரிலிருந்து மெல்ல மேலே வந்தது.

"ஐயோ, திரும்பி வருது! எதையோ மறந்து வச்சுட்டுப் போயிருக்கு!" ஹுஸாம் வெடித்துச் சிரித்தான். ரீஹாமின் வாயும் சிரித்தது. பயத்தில் ஒரு சிரிப்பு வருமே, அந்தச் சிரிப்பு.

மாமா நிமிர்ந்தார். இரண்டு பேர் சிரிப்பதைப் பார்த்தார். பிறகு மேலே வந்துகொண்டிருந்த சூரியனைப் பார்த்தார்.

"நீயுமா?" என்று அவர் கை கேட்டது.

ரீஹாம் பதில் சொல்லக் கைகளைத் தூக்குவதற்குள் அவர் எழுந்து அறைக்குள் போய்விட்டார். அதன் பிறகுதான் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

கையால் பேசுகிறவர் பார்க்க மறுத்துவிட்டால் அவரிடம் எப்படிப் பேசுவது? மறுநாள் ரீஹாம் அவர் எதிரே போய் நின்றாள். அவர் சுவரைப் பார்த்தார். அவள் சுவர்ப் பக்கம் போனாள். அவர் தரையைப் பார்த்தார்.

மாலையில் மாமா தட்டை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். எதிர்வீட்டு ஜன்னல்களில் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பழத்தைத் தொட்டார். முன்பாவது அவர்களோடு உட்கார்ந்திருந்தார். இப்போது அதுவும் போயிற்று.

"அவனுக்குக் கோபம் சீக்கிரம் வராது. வந்தா சீக்கிரம் போகாது. நானே சொல்லிப் பார்த்துட்டேன். என்னையும் பார்க்க மாட்டேங்கறான்" என்றார் உம்மா.

"நான் சூரியனைப் பார்த்துத்தான் சிரிச்சேன்" என்றான் ஹுஸாம். அவன் குரல் இறங்கியிருந்தது.

"அது அவருக்கு எப்படித் தெரியும்? போன வருஷமும் நீதானே சிரிச்ச!" என்றாள் ரீஹாம்.



தப்பு எங்கே என்று ரீஹாம் கண்டுபிடித்துவிட்டாள். வேகமாக ஓட்டிப் பார்த்தபோது துள்ளல் கண் சிமிட்டும் நேரம்தான் இருந்தது. உண்மையான சாயங்காலம் நீளமானது. துள்ளலும் அதோடு சேர்ந்து நீண்டுவிட்டது. அதனால் சூரியன் சில நிமிஷம் முன்னாலேயே முழுகி, பிறகு மெல்ல மெல்லத் திரும்பி வந்திருக்கிறது. ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும். மாற்றினாள்.

மாற்றி என்ன? மாமாவின் போன் அலமாரி மேல் குப்புறக் கிடந்தது. அதிலிருந்த ஆப்பை அவர் அழித்துவிட்டிருந்தார்.

ரீஹாம் கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். இனிமேல் எதையும் அசைய வைக்கக் கூடாது என்று தோன்றியது. கற்றுக்கொள்ளாமலே இருந்திருந்தால் மாமாவுக்கு ஒரு நோன்பு போயிருக்காது. ஓடிப்போன அந்தப் பொத்தானோடு நிறுத்தியிருக்கலாம்.

"கம்ப்யூட்டரை அணைச்சுடவா?" என்று கேட்டார் உம்மா.

"அணைச்சுடுங்க."

உம்மா கையை நீட்டினார். "இருங்க உம்மா, இருங்க" என்றாள் ரீஹாம். மாமா அவள் கையைப் பார்க்க மாட்டார். ஆனால் கண் ஓரத்தில் ஏதாவது அசைந்தால் யார் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பத்தானே செய்யும்?

அவள் புதிதாக ஒரு திரை செய்தாள். நதி, சூரியன், கரையில் ஒரு பெண். ரீஹாமுக்கு இருப்பது போலவே அந்தப் பெண்ணின் முன்பல்லில் பெரிய இடைவெளி. கீழே இழுத்து நகர்த்தும் ஒரு பட்டை. பட்டையின் ஒரு முனையில் முயல், மறுமுனையில் ஆமை. சூரியன் துள்ளி எழும்போதெல்லாம் பெண்ணின் தலையில் இடித்தது. அவள் அழுதாள். முதலில் கண்ணீர் மேல்நோக்கிப் போனது. அதைச் சரிசெய்யவே ஒரு மத்தியானம் போயிற்று.

கம்ப்யூட்டரை நடைப் பக்கம் திருப்பி வைத்தாள். மாமா கை கழுவ அந்த வழியாகத்தான் போவார்.

அன்று அவர் நிற்கவில்லை. மறுநாளும் நிற்கவில்லை. ரீஹாம் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

அதற்கடுத்த நாள் அவர் தாண்டிப் போனார். பிறகு இரண்டு அடி பின்னால் வந்தார்.

திரையில் சூரியன் குட்டித் துள்ளல் துள்ளிப் பெண்ணின் தலையில் இடித்தது. மாமா பட்டையைப் பிடித்து ஆமைப் பக்கம் கொஞ்சம் இழுத்தார். துள்ளல் நீண்டது. இன்னும் இழுத்தார். சூரியன் தண்ணீருக்குள் போய், வெகுநேரம் கழித்து மேலே வந்தது. பழையபடி முயல் பக்கம் தள்ளினார். குட்டித் துள்ளல். திரும்ப ஆமை. அவர் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

பிறகு திரும்பித் தன் முன்பல்லை இரண்டு முறை தட்டினார். ரீஹாமுக்கு அவர் வைத்திருந்த பெயர் அதுதான்.

அவள் வெளியே வந்தாள்.

"நீ வேகமா ஓட்டித்தான் பார்த்தியா?" என்று அவர் கை கேட்டது.

"ஆமா."

"சின்ன அளவுல சரியா இருந்துச்சு. பெரிய அளவுல கோணிக்கிச்சு."

"ஆமா."

"ஏன் சிரிச்ச?"

"பயந்துட்டேன் மாமா. அது தானா வந்துடுச்சு. நான் விளையாடல." அவள் கைகள் ஒரு வார்த்தையை முடிக்காமலே அடுத்ததுக்குத் தாவின. "உங்க நோன்பு போயிடுச்சு. என்னாலதான்."

"ஆமா, போயிடுச்சு" என்றார். இல்லை என்று பொய் சொல்லவில்லை. "பெருநாள் முடிஞ்சதும் பிடிக்கணும்."

"நானும் உங்ககூடப் பிடிக்கிறேன்."

"விடியறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பினா எந்திரிப்பியா?"

"மாட்டேன். ஆனா எழுப்புங்க."

மாமாவின் உதடு ஓரம் கொஞ்சமாக அசைந்தது. "இந்தத் துள்ளலை எதுக்கு வச்ச?"

"அழகா இருக்கும்னு."

"அழகாத்தான் இருக்கு. நோன்புக்கு வேண்டாம். பெருநாளுக்கு வச்சுக்கோ."

சரிசெய்த சூரியனைப் போனில் போட அவர் உடனே சம்மதிக்கவில்லை. முதலில் கம்ப்யூட்டரில் ஓடட்டும் என்றார். சில மாலைகள் ரீஹாம் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு, சூரியன் முழுகுவதும் பாங்கு கேட்பதும் ஒன்றாக வருகிறதா என்று பார்த்தாள். வந்தது. மாமா ஒவ்வொரு நாளும் உம்மாவிடமும் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டார். ரீஹாமுக்கு அது சுருக்கென்று குத்தியது. 

ஒருநாள் அவரே போனை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அன்று மாலை மாமா மேஜைக்கு வந்தார். போன் குவளையில் சாய்ந்து நின்றது. ரீஹாம் ஏற்கெனவே எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். மாமா எடுக்கும்வரை யாரும் கையை அசைக்கக் கூடாது.

"பாங்கு கேட்டாலுமா? எனக்கு வயிறு ஒட்டிப்போயிருக்கு" என்று முணுமுணுத்தான் ஹுஸாம்.

"கேட்டாலும்தான்."

அவன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

சூரியன் தண்ணீரைத் தொட்டது. முழுகியது. அதே நேரத்தில் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. யாரும் அசையவில்லை. ரீஹாம் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

மாமா போனையே பார்த்தார். பழத்தைத் தொடவில்லை. சூரியன் திரும்பி வருமா என்று காத்திருந்தார்.  நதி இருண்டது. சூரியன் வரவில்லை.

பாங்கு முடிந்தது.

மாமா பழத்தை எடுத்தார். உதடுகள் அசைந்தன. வாயில் போட்டு, யாரையும் பார்க்காமல், நிதானமாக மென்றார். ஹுஸாம் பாய்ந்து சூப்பை எடுத்தான். உம்மா தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

ரீஹாம் மட்டும் அப்படியே உட்கார்ந்து மாமாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமா அவள் தட்டைத் தட்டினார். பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டி, கைகளை வேகமாக அசைத்தார்.

"என்ன, உனக்குக் காது கேக்காதா? பாங்கு சொல்லி எவ்வளவு நேரமாச்சு! சாப்பிடு."