மலையாண்டி வீட்டுத் தறிக்குழி

ஐப்பசி அடைமழையில் நனைந்துகொண்டே குருநாதன் பரமக்குடி ஸ்டேஷனில் இறங்கினார். தோள்பையில் திருப்புளி, சின்னச் சுத்தியல், எண்ணெய்க் குப்பி. மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவில் எந்த ஊரில் பூவேலை நெய்யும் ஜக்கார்டு தறி மக்கர் செய்தாலும் அவரைத் தேடித்தான் ஆள் வரும்.

மலையாண்டியின் வீடு வைகையைப் பார்த்த தெருவில் கடைசி வீடு. நாலு தறி போட்டிருந்தார். மூன்று ஓடிக்கொண்டிருந்தன. பின்கட்டு இருட்டறையில் இருந்த நாலாவது மட்டும் திடீரென்று நின்றுபோயிருந்தது.

"வாங்க மேஸ்திரி. தையில மக கல்யாணம். அவ கூறைப்புடவையே அதுலதான் கெடக்கு. பாதியில நின்னுபோச்சு," என்றார் மலையாண்டி.

அவர் மனைவி ராமலெட்சுமி மோர் கொண்டுவந்து வைத்தாள். பின்கட்டுப் பக்கம் அவள் கண் திரும்பவே இல்லை.

"பூமயில் எங்க? அட்டையெல்லாம் அது குத்துனதுதானே?" என்று கேட்டார் குருநாதன்.

பூமயில், மலையாண்டியின் தம்பி பெண்டாட்டி. புருஷன் செத்துப்போனவள். அந்தத் தறியைப் பூட்டக் குருநாதன் வந்தபோது அவரிடமே உட்கார்ந்து அட்டை குத்தக் கற்றுக்கொண்டவள். எந்த இழை மேலே எழவேண்டும், எது கீழே கிடக்கவேண்டும் என்று தறிக்குச் சொல்வது அட்டையில் இருக்கும் ஓட்டைகள்தான். பூமயில் சொன்னால் தறி கேட்டது. அவள் போட்ட மயில் புட்டாப் பூவேலைக்கு மதுரைக் கடைக்காரர்கள் காத்துக் கிடந்தார்கள்.

மலையாண்டியின் முகம் சுருங்கியது.

"அந்த ஓடுகாலி பேச்ச எடுக்காதீக மேஸ்திரி. சித்திரையிலயே பாத்திரக்காரன் ஒருத்தன்கூட ஓடிப்போயிட்டா. குடும்ப மானமே போச்சு."

ராமலெட்சுமி காலி டம்ளரை எடுத்தாள்.

பின்கட்டில் மத்தியானத்திலேயே விளக்கு வேண்டியிருந்தது. ஈரச் சுவர் வாசனை. அதற்கும் அடியில் வேறொரு வாசனை, செம்பருத்தி போட்டுக் காய்ச்சிய தலையெண்ணெய்போல. தறிக்காரன் வீரையா நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"உள்ள வாப்பா. எப்படி நிக்குதுன்னு காட்டு."

"நான் வரலங்கய்யா. மயிலு புட்டா ஆரம்பிக்கிற அட்டை வரைக்கும் ஓடும். அந்த அட்டை வந்ததும் கால்மிதி கீழ எறங்காது. பலமா மிதிச்சா..." அவன் குரல் தாழ்ந்தது. "மிதிச்சா, யாரோ அடியிலேர்ந்து மேல தள்றாக."

குருநாதன் சிரித்துக்கொண்டார். நின்றுபோன எந்திரத்துக்கு ஒவ்வொருவரும் ஒரு கதை வைத்திருப்பார்கள். அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான். மேலிருந்து தொடங்கவேண்டும், பழுதில்லாததை ஒவ்வொன்றாக ஒதுக்கவேண்டும்.

அட்டைச் சரத்தை இறக்கி ஒவ்வொரு அட்டையையும் விளக்கில் பிடித்துப் பார்த்தார். கிழிசல் இல்லை, வரிசையும் மாறவில்லை. ஊசிகளைத் தட்டினார், துள்ளித் திரும்பின. கொக்கிகளில் துருவில்லை. கடைசியாக மிதியிலிருந்து கயிற்றை அவிழ்த்து, கையாலேயே இழுத்துப் பார்த்தார்.

தறியின் உச்சியில் இருந்த ஜக்கார்டு பெட்டி அழகாக மேலே எழுந்தது. மயில் புட்டாவின் அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் புரண்டன. எங்கும் நிற்கவில்லை.

கயிற்றை மறுபடி மிதியில் கட்டினார். காலால் அழுத்தினார்.

அசையவில்லை.

அப்படியானால் பழுது மேலே இல்லை. தறியிலேயே இல்லை.

மிதி இருக்கும் குழிக்குள் இருக்கிறது.

குருநாதன் விளக்கைக் குழியின் விளிம்பில் வைத்துவிட்டு இறங்கினார். மற்றத் தறிக்குழிகள் எல்லாம் மண்தரை. இது மட்டும் சிமிண்டு பூசியிருந்தது. நடுவில் ஒரு கீறல். மிதிக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். விரலில் ஏதோ சுற்றியது. அறுந்த பாவு இழையாக இருக்கும் என்று இழுத்தார்.

இழை வந்தது. வந்துகொண்டே இருந்தது.

வெளிச்சத்தில் பிடித்தார். முடி. நீளமான, எண்ணெய் மினுங்கும் கறுப்பு முடி. அதன் மறுமுனை கீறலுக்குள் போயிருந்தது.

கையை உதறப் போனார். முடியவில்லை.

அவர் விரல்களுக்கு நடுவே வேறு விரல்கள் கோத்திருந்தன.

சில்லென்றிருந்தன. நகக்கண்களில் சிமிண்டு காய்ந்திருந்தது. காதோரம், மழைச் சத்தத்துக்கு நடுவே, தெரிந்த குரல் ஒன்று கேட்டது.

"நான் எங்கிட்டும் போகலண்ணே."

பிடி தளர்ந்தது. குருநாதன் எப்படி மேலே ஏறினார் என்று அவருக்கே தெரியாது. நிலைப்படியில் மலையாண்டி நின்றிருந்தார். குருநாதனின் கையில் சுற்றியிருந்த முடியைப் பார்த்ததும் அவர் உதடு வெளுத்தது. ஆனால் குரலை உயர்த்தினார்.

"என்ன வேடிக்க காட்டுறீக? ஒரு மிதிய ஓட்டத் தெரியாதா?"

"இந்தக் குழிக்குச் சிமிண்டு யார் பூசுனது?"

"நான்தான் பூசுனேன். என் வீடு, என் குழி!"

"பூமயில் எங்கய்யா?"

மலையாண்டி குருநாதனை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார். குழிக்குள் காலை விட்டார். "ஏலே வீரையா, பாருடா, எது நிக்குதுன்னு நல்லாப் பாரு!" என்று கத்திக்கொண்டே மிதித்தார்.

தறி ஓடியது.

ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது. அட்டைகள் புரண்டன, ஊடையிழையோடு நாடா குறுக்கே பாய்ந்தது. கழுத்து, தோகை என்று மயில் விளைந்துகொண்டே வந்தது. மலையாண்டி சிரித்தார்.

பிறகு சிரிப்பு நின்றது. தறி நிற்கவில்லை.

"போதும், நிறுத்துங்க," என்றார் குருநாதன்.

தறி வேகம் கூடியது. நாடாவைத் தள்ள யாரும் இல்லை. மலையாண்டியின் இரண்டு கைகளும் தறியின் குறுக்குச் சட்டத்தைப் பிடித்திருந்தன. ஆனாலும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்தது.

"மேஸ்திரி..." அவர் குரல் குழந்தையினுடையது போலக் கேட்டது. "மிதிக்கிறது நான் இல்ல."

குழிக்குள் சிமிண்டு வெடிக்கும் சத்தம்.

மலையாண்டி இடுப்புவரை இறங்கினார். குருநாதன் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். நிலைப்படியில் நின்ற வீரையாவும் அப்போது பயத்தை விட்டு ஓடிவந்து பிடித்தான். இரண்டு பேர் இழுத்தும் அவர் கீழேதான் போனார்.

"பூமயிலு, விட்டுரு தாயி! அட்டைய எடுத்துக்கிட்டுத் தனியாத் தறி போடப் போறேன்னு சொன்னியே, அந்த ஆத்தரத்துல அடிச்சுட்டேன். நீ சாவேன்னு நெனைக்கல தாயி!"

குழிக்குள்ளிருந்து பதில் வந்தது. கத்தவில்லை. ரொம்ப நிதானமாக வந்தது.

"செத்தது போதாதுன்னுதானா, மாமா, ஓடிப்போனேன்னு சொன்னீக?"

பாவு இழைகள் படபடவென்று அறுந்தன. அறுந்தவை தொங்கவில்லை. எல்லாம் ஒரே பக்கம் போய், மலையாண்டியின் கழுத்தில் சுற்றின.

தறி நின்றது. மலையாண்டியின் மூச்சும் நின்றிருந்தது.

போலீஸ் வந்து குழியைத் தோண்டியபோது பூமயிலின் உடல் கிடைத்தது. சதை போயிருந்தது, கூந்தல் மட்டும் அப்படியே இருந்தது. ஊரே கூடி நின்றது. ஓடுகாலி என்று சொன்ன வாய்களெல்லாம் முந்தானையால் மூடியிருந்தன. வைகை மணலில் அவளுக்குக் கொள்ளி வைக்கச் சொந்தத்தில் ஆளில்லை. குருநாதன் வைத்தார். அத்தோடு அவள் கோபம் அடங்கியிருக்கும் என்று நினைத்தார்.

காரியம் முடிந்து, தறியைப் பிரித்து எடுக்க அவர் மறுபடி வந்தார். மகளைச் சொந்தக்காரர்கள் கூட்டிப் போயிருந்தார்கள். வீட்டில் ராமலெட்சுமி மட்டும் இருந்தாள். கட்டிலில், காலிரண்டையும் மடக்கிச் சேலைக்குள் இழுத்துவைத்து உட்கார்ந்திருந்தாள். அன்றிலிருந்து தரையில் கால் வைக்கவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

"சிமிண்டுக்குத் தண்ணி ஊத்துனது நான்தாண்ணே," என்றாள் அவள். "அப்ப அவளுக்கு உசுரு இருந்துச்சு. விரலு அசைஞ்சுச்சு. நான் சொல்லல."

குருநாதன் தோள்பையைக் கீழே இறக்கி வைத்தார்.

"கட்டிலுக்குக் கீழ பாருங்கண்ணே. போயிட்டாளா?"

குனிந்து பார்த்தார். வெறும் தரை. நல்ல வெயில் விழுந்திருந்தது.

"ஒண்ணுமில்லம்மா."

"நெசமாத்தானே?"

"நெசந்தான். எறங்கும்மா."

அவள் வலது காலை மெதுவாக இறக்கினாள். பாதம் தரையைத் தொட்டது. அவரைப் பார்த்து, பல நாளைக்குப் பிறகு, லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

பிறகு காலைத் தூக்கப் பார்த்தாள்.

வரவில்லை.

வெயிலில், கணுக்காலின் தோலில், ஒவ்வொன்றாக ஐந்து விரல்கள் பள்ளமாக அழுந்தின.