தீ ஒதுங்கிய இடம்

திரையில் ஓடிய தீ நடுவில் மட்டும் ஒதுங்கிப் போனது.

நிலோபர் நாற்காலியை இழுத்துப் போட்டு உற்றுப் பார்த்தாள். தென்காசியில் மதியத்திலிருந்தே சாரல். குற்றாலத்து மலைப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றில் சன்னல் சீலை மெல்ல அசைய, அடுத்த வீட்டில் மீன் பொரிக்கும் வாசம் மாடியறைவரை ஏறி வந்தது. அவள் ஆராய்ச்சிக்கு எடுத்திருந்தது ஓர் உலை. கணவன் துல்கர்னைன் சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் உலைதான். அளவுகளை அவனே ஆசையாக எடுத்து அனுப்பியிருந்தான். அதற்குள் தீ எப்படிச் சுழித்து எரியும் என்பதைச் சென்னையில் நூற்றுக்கணக்கான கணினிகள், உலையை ஆளுக்கொரு துண்டாகப் பங்குபோட்டுக்கொண்டு கணக்கிட, படங்கள் ஒவ்வொன்றாக இவள் மடிக்கணினிக்கு வந்துகொண்டிருந்தன.

அருவியில் நிற்பவன் மேல் பட்டுத் தண்ணீர் பிரிவதைப்போலத் தீ எதையோ சுற்றிப் போனது. வரைபடத்தில் அந்த இடத்தில் ஒன்றுமே கிடையாது. அடுத்த படத்தில் அந்த வெற்றிடத்துக்குத் தோள் இருந்தது. அதற்கடுத்ததில் தலை.

பேய் பிசாசு என்றால் சிரிக்கிறவள் அவள். கணக்கில்தான் பிசகு என்று சென்னைக் கணினிகளை நிறுத்தச் சொல்லிக் கட்டளை அனுப்பினாள். நின்றுவிட்டதாகப் பதில் வந்தது. படங்கள் மட்டும் நிற்கவில்லை. பயமாக இருந்தது. கைபேசியை எடுத்தாள்.

"எங்கன இருக்கீங்க?"

"உலைக்குள்ளதான் நிக்கேன். ரிப்பேருக்கு அணைச்சுப் போட்டிருக்கு. ஏன் இப்படி மூச்சு வாங்குத?"

"வெளிய வாங்க. இப்பவே வாங்க."

"ஏட்டி, ரெண்டு நாளா ஆறிக் கெடக்கு. ஒன் கம்ப்யூட்டர் தீ என்னைய என்ன செய்யும்?" அவன் சிரித்தான்.

திரையில் அந்த உருவத்தின் வலக்கை காதோடு ஒட்டியிருந்தது.

"அல்லாவுக்காக வாங்க. ஒங்க காலப் பிடிக்கேன்."

"சரி சரி, அழாத. வருதேன்."

படம். உருவம் திரும்பியிருந்தது. படம். ஓர் எட்டு. படம். தீ முழங்காலைத் தொட்டது. கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவனை இங்கிருந்து எப்படிக் கைபிடித்து இழுப்பது? மடிக்கணினியைப் படாரென்று மூடினாள். மூடியும் உள்ளே காற்றாடி இரைந்தது. திறந்தாள்.

தீ சீராக ஓடிக்கொண்டிருந்தது. எங்கேயும் ஒதுங்கவில்லை.

"நிலோ, வந்துட்டேன்" என்றான் அவன். "ஆனா இங்கன யாரையும் காணலியே... ஒரே வெளிச்சமா இருக்கு."