தொண்ணூற்றேழு சதவீதம்

காலையில் எழுந்ததும் செண்பகவல்லி கைப்பேசியைச் சார்ஜில் போடுவாள். பிறகுதான் பல் துலக்குவது. ஒன்பது வருடமாக அப்படித்தான். உள்ளே அவள் கணவர் கொம்பையா இறங்கிக்கொண்டிருந்தார்.

சனிக்கோளின் நிலவுக்கு வேலைக்குப் போகிறவர்களை ராக்கெட் ஏற்றிக்கொண்டு போகும்; திரும்பக் கொண்டுவராது. ஆளைக் கோப்பாக்கி அனுப்பிவிடுவார்கள். அது துண்டு துண்டாக வீட்டாரின் கைப்பேசிச் செயலியில் வந்து இறங்கும். முழுதும் இறங்கியதும் கோவில்பட்டி உடல்வார்ப்பு மையத்தில் கொடுத்தால், ஒரே மதியத்தில் ஆளை வார்த்துத் தருவார்கள். மீசைக்கு மட்டும் மறுநாள் வரவேண்டும்.

திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் செயலி உறைந்துவிடும். எதிர்வீட்டுக்காரர் அப்படிப் பார்த்துப் பார்த்தே மனைவியை இடுப்போடு நிறுத்திவிட்டார். ஆகவே இறக்கத்தைப் பின்னணியில் ஓடவிட்டு அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும். முடிந்ததும் செயலியே கூப்பிடும். ஆனால் கோவில்பட்டி டவரின் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதலிலிருந்து.

கைப்பந்துப் பயிற்சியாளரான செண்பகவல்லியைக் கோயம்புத்தூரில் மாநில அணிக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு வருடம் முன்பு மறுத்தாள், போன வருடமும் மறுத்தாள். மூன்றாவது அழைப்புக்கு இன்று கடைசி நாள். கொம்பையாவோ நாலு வருடமாகத் தொண்ணூற்றேழு சதவீதத்திலேயே நின்றார்.

கைப்பேசியை எடுத்துக்கொண்டு உடல்வார்ப்பு மையத்துக்குப் போனாள். அங்கே வேலை பார்க்கும் மரியசெல்வம் அதை இரண்டு முறை சோதித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"அக்கா, அண்ணாச்சி முழுசா இறங்கி நாலு வருசமாச்சு."

"எனக்குத் தகவலே வரலையே."

"முடிஞ்சா யாருக்குச் சொல்லணும்னு ஒரு கட்டம் இருக்கு. அதுல தன் பேரையே போட்டிருக்காக. இந்தத் தொண்ணூத்தேழும் அவுக கைவேலைதான்."

கைப்பேசிக்குள் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"கோபப்படாத வல்லி," என்றார் கொம்பையா. "உள்ள சுகமா இருக்கு. வெளிய வந்தா வேலைக்குப் போகணுமில்ல?"

"கோயம்புத்தூர் கடிதத்தை வாசிச்சு அழுதேனே. அதையும் கேட்டீகளா?"

"கேட்டேன். ரெண்டு தடவையும்."

பழக்கதோஷத்தில் கைப்பேசியை மேசையோரம் சார்ஜில் போட்டாள். பையை மட்டும் தோளில் மாட்டிக்கொண்டு பேருந்து நிலையம் நோக்கி நடந்தாள்.

மரியசெல்வம் வாசல் வரை ஓடி வந்தார். "அக்கா, அண்ணாச்சி கேட்டா என்ன சொல்ல?"

"வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுங்க," என்றாள். "தொண்ணூத்தேழு சதவீதம்."