கடைசிச் சக்கரத்துக் காற்று

மலைப்பாதையின் வளைவொன்றைக் கடந்து, மூட்டை முடிச்சுகளோடு அவர்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் முன் வந்து இறங்கியபோது மழை ஓய்ந்திருந்தது. எனினும் கூரையிலிருந்து நீர் சொட்டுவது ஓயவில்லை. செவிலியாகிய அவள் பூட்டைத் திறந்தாள். அவளுடைய கணவன் பெட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டு சேர்த்தான். உதவிக்கென்று அழைத்து வரப்பட்ட அவளுடைய தம்பியோ, எதையும் தூக்காமல் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான்.

"அக்கா, இந்த ஜன்னலெல்லாம் நம்மள முறைக்குது."

"நீ சும்மா நின்னா நானும்தான் முறைப்பேன். அந்தப் பெட்டியத் தூக்குடா."

வீட்டின் பின்னால், மேட்டின் உச்சியில், தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. அதனுள்ளே, நான்கு சக்கரங்களும் ஒருங்கே இழுக்கக்கூடிய பழைய ஜீப் ஒன்று, சுவரைப் பார்த்தபடி நின்றது. வீட்டின் சொந்தக்காரர் அதைப் பற்றித் தொலைபேசியில் முன்னரே கூறியிருந்தார்.

"ஓட வெச்சீங்கன்னா நீங்களே ஓட்டிக்கோங்க."

"ஏங்க ஓட்டாம விட்டுட்டீங்க?" என்று கணவன் கேட்டு முடிப்பதற்குள் இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது.

மலையுச்சியில் இருந்த சுகாதார நிலையத்தில் அவள் பொறுப்பேற்க வேண்டும். மழைக்காலத்தில் அந்தச் சேற்றுப் பாதையில் வேறெந்த வண்டியும் நாள்தோறும் ஏறி இறங்காது. வளைவுதோறும் ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளத்தாக்கு. பிரேக் ஒருமுறை ஏமாற்றினால் போதும். பள்ளத்தாக்கிலிருந்து மேலே கொண்டுவர அவளில் எதுவும் எஞ்சாது. இதனை நன்குணர்ந்த கணவன், அச்சகத்தில் பல்லாண்டுகள் இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவன், வேலையைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டான்.

ஜீப் அவனை விரும்பவில்லை.

அதனை வேறு எவ்வாறு சொல்வதென்று தெரியவில்லை. முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த இஞ்சின் முன்மூடி, காற்றே இல்லாத வேளையில் அவன் மணிக்கட்டின் மீது விழுந்தது. இருக்கைக்கு அடியிலிருந்த எலிக்கூட்டை அகற்றியபோது உள்ளே எலிகள் இல்லை, பற்கள் மட்டும் கிடந்தன. காலையில் கச்சிதமாகப் பொருந்திய ஸ்பானர், பிற்பகலில் அதே திருகில் வழுக்கி அவன் விரல் முட்டிகளைப் பெயர்த்தது. கொட்டகையில் மண்ணெண்ணெயின் நெடியும் ஈரத் துருவின் நெடியும் நிறைந்திருந்தன. அவற்றுக்கும் அடியில், நெடுநேரம் மூடிவைத்த வாயைத் திறந்தாற்போன்ற ஒரு வாடை.

ஆயினும் அவன் விடவில்லை. கார்புரேட்டர் சுத்தமாயிற்று. எண்ணெய் மாற்றப்பட்டது. முன்சக்கரங்களுக்கு இழுவை கொடுக்கும் இறுகிப்போன நெம்புகோல், மண்ணெண்ணெயில் ஊறி இளகியது. இஞ்சினும் இருமிக்கொண்டே உயிர்பெற்றது.

எஞ்சியது பிரேக் மட்டுமே.

பிரேக் குழாய்களுக்குள் காற்று புகுந்துவிட்டால் மிதிக்கட்டை பஞ்சுபோல் அமுங்கும்; வண்டியோ நிற்காது. அக்காற்றை வெளியேற்றுவதற்கு இருவர் வேண்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து மிதிக்க வேண்டும். மற்றவர் அடியில் படுத்து, சக்கரத்தின் உட்புறமுள்ள சிறு திருகைத் திறக்க, குமிழிகளோடு பிரேக் ஆயில் குழாய் வழியே புட்டியில் இறங்கும். திருகை மூடுவதற்கு முன்பு மேலே இருப்பவர் காலை எடுத்துவிட்டால், வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே ஏறிவிடும். ஆதலால் கேள்வியும் பதிலும் இன்றித் திருகில் கை வைக்கலாகாது என்று கணவன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"பிடி. பிடிச்சிருக்கா?"

மேலிருந்து தம்பியின் சிரிப்பொலி கேட்டது. "என்ன அத்தான், பொண்ணு பாக்க வந்த எடத்துல கேக்கற மாதிரி கேக்கறீங்க? பிடிச்சிருக்கு, பிடிச்சிருக்கு. தட்ட மாத்திடலாம்."

"வெளயாடாத மச்சான். கால எடுத்தா மொத்த வேலையும் போச்சு."

"சரி சரி. வண்டிக்குக் காத்து கருப்பு ஏதோ அடிச்சிருக்கு. நீங்க ஓட்டுங்க, நான் பிடிச்சுக்கறேன்."

"விடு. அடுத்தது."

பின்சக்கரங்கள் இரண்டும் முடிந்தன. முன்புறத்தின் இடச்சக்கரமும் முடிந்தது. கடைசிச் சக்கரம், ஓட்டுநரின் காலுக்கு நேர்கீழே இருப்பது. இரும்பு முக்காலியின் மேல் தூக்கி நிறுத்திய வண்டிக்கு அடியில் கணவன் மல்லாந்த நிலையில் நகர்ந்தான். முகத்திற்கு மேலே ஒரு முழம்கூட இல்லாத உயரத்தில் வண்டியின் தரைத்தகடு இருந்தது. அதற்கு மேலே மிதிக்கட்டை. மூன்றாவது முடிகையிலேயே மீண்டும் தொடங்கிய மழை தகரக்கூரையை அறைந்தது.

"மிதி."

மிதிக்கட்டை முனகியது.

"பிடி. பிடிச்சிருக்கா?"

வீட்டுக்குள்ளிருந்து அவன் மனைவி யாரிடமோ ஏதோ சொல்லும் குரல், மழையினூடே மெல்லக் கேட்டது. அக்குரல் எழுந்து அடங்கும்வரை, அதையே கேட்டுக்கொண்டிருப்பது போல, மேலே மௌனம்.

பிறகு, "பிடிச்சிருக்கு."

தணிந்த குரல். கேலியில்லாத குரல். மச்சானுக்கு ஒருவழியாகப் புத்தி வந்தது என்றெண்ணிக் கணவன் திருகைத் திறந்தான்.

ஆயில் இறங்கியது. கருத்து, குளிர்ந்து, கெட்டியாக இறங்கியது. குமிழிகள் ஒழுங்கான இடைவெளியில் வந்தன, மூச்சுவிடுவது போல. மிதிக்கட்டை அடிவரை அமுங்கியதும் ஒழுக்கு நின்றாக வேண்டும்.

நிற்கவில்லை.

புட்டி நிறைந்து வழிந்தது. வண்டியின் எந்தக் கலத்திலும் அவ்வளவு ஆயில் கிடையாது. அவன் அவசரமாகத் திருகை மூடினான்.

"விடு மச்சான். போதும், விடு."

மேலே கால் எடுக்கப்படவில்லை.

"விடுன்னு சொல்றேன்ல? காது கேக்கலயா?"

அப்பொழுதுதான் அவன் முகத்திற்கு மேலிருந்த தகடு நறநறத்தது. துரு பொடிந்து அவன் கண்ணிமைகளில் உதிர்ந்தது. தகடு கீழ்நோக்கிப் புடைத்தது. முதலில் ஒரு குதிகாலின் வட்டம். அதன்பின் பாதத்தின் நீளம். அதன்பின் ஒவ்வொன்றாக விரல்கள்.

ஆறு விரல்கள்.

தலையைத் திருப்பி, வண்டிக்கும் தரைக்கும் நடுவிலிருந்த வெளிச்சப் பிளவினூடே அவன் வெளியே பார்த்தான். கொட்டகை வாசலில், சேறு தெறித்த ரப்பர்ச் செருப்புகள் இரண்டு வந்து நின்றன.

"அத்தான், டீ. அக்கா கூப்பிட்டா, போயிட்டு வந்துட்டேன். மூணாவது முடிஞ்சப்பவே சொன்னேனே, உங்களுக்கு மழையில கேக்கலயா?"

கணவனின் குரல் காற்றாக மட்டுமே வெளிவந்தது.

"அப்போ மேல... யாரு?"

செருப்புகள் அசையவில்லை. டம்ளர் ஒன்று விழுந்து உருண்டது.

வண்டியைத் தாங்கியிருந்த இரும்பு முக்காலி தானாகவே சாய்ந்தது. தம்பி பாய்ந்து வந்து அத்தானின் கணுக்கால்களைப் பற்றி இழுத்தான். சட்டை கிழிந்து, முதுகுத்தோல் சிராய்ந்து, அவன் வெளியே வந்துவிழுந்த கணத்தில், ஜீப்பின் முழு எடையும் அவன் நெஞ்சு இருந்த இடத்தின் மீது இறங்கியது.

இருக்கையில் யாருமில்லை. மிதிக்கட்டை மட்டும் அடிவரை அமுங்கி, அப்படியே நின்றது.

இருவரும் மேட்டிலிருந்து விழுந்தடித்து ஓடிவந்ததை அவள் அடுக்களை வாசலில் நின்று பார்த்தாள். கணவனின் முதுகில் மருந்திட்டபடியே முழுவதையும் கேட்டாள். அவள் நம்பினாளா இல்லையா என்பது முகத்தில் தெரியவில்லை.

"என்னதான் சொல்லுச்சு அத்தான்?" என்று தம்பி கிசுகிசுத்தான்.

"பிடிச்சிருக்குன்னு."

"எத?"

கணவன் கிழிந்த சட்டையைச் சுருட்டி எறிந்தான். "என்னைக் கொல்லப் பாத்துச்சு. அது போதாதா?"

"உங்கள வழிய விட்டு ஒதுக்கப் பாத்த மாதிரித்தான் இருந்துச்சு," என்றான் தம்பி, எவரையும் பாராமல்.

"டேய், நீ வேற சும்மா இரு," என்று அவள் அதட்டினாள்.

"நீ அந்த வண்டியில கால் வைக்கக் கூடாது. வேலையே போனாலும் பரவால்ல," என்று கணவன் அவளிடம் சொன்னான்.

"வைக்கலங்க. ஆஸ்பத்திரி வேன அனுப்பச் சொல்றேன், நாளைக்கு. அங்கயே ஒரு ரூம் கேட்டுப் பாக்கறேன். கெடச்சதும் நீங்களும் வந்துடுங்க. போதுமா?"

போதும் என்று அவன் தலையசைத்தான். அவளை ஜீப்பிடமிருந்து காப்பாற்றிவிட்ட நிம்மதியில், நெடுநேரத்திற்குப் பின் முதன்முறையாக அவன் தேநீர் பருகினான்.

காலையில் வேன் வந்து, மலைச்சாலையை நோக்கிச் சரியும் வாசல் இறக்கத்தில் நின்றது. ஓட்டுநர் வெற்றுடம்பில் துண்டு போர்த்திய வயோதிகர். வாய் நிறையச் சிரிப்பு.

"ஏறுங்க சிஸ்டர். மழைக்கு முன்னாடி மேல போயிடலாம்."

அவள் நடு இருக்கையில் அமர்ந்து, கண்ணாடி வழியே கணவனுக்குக் கையசைத்தாள். ஓட்டுநர் கியரைப் போட்டார். இஞ்சின் உறுமியது. வேன் நகரவில்லை.

"என்னண்ணே?" என்றான் தம்பி.

"தெரியல தம்பி. இறக்கத்துலயே நகர மாட்டேங்குது."

"பிரேக்ல கால் இருக்கா பாருங்க."

"அட, நீ ஒண்ணு!" என்று சிரித்துக்கொண்டே, கிழவர் தம் இரண்டு கால்களையும் தூக்கி இருக்கையின் மேல் மடக்கி வைத்துக் காட்டினார்.

சக்கரங்கள் அசையவில்லை.

இஞ்சின் தானாக அணைந்தது. கிழவரின் சிரிப்பும் அணைந்தது. அவர் மடக்கிய முழங்கால்களுக்குக் கீழே, ஒருவருமில்லாத இடத்தில், மிதிக்கட்டை அடிவரை அமுங்கிக் கிடந்தது. பின்பு அது நிதானமாக மேலெழுந்தது.

வேன் நகர்ந்தது.

சாலை முன்புறம் சரிந்திருந்தது. வேனோ பின்புறமாக, ஒலியேதுமின்றி, கொட்டகையை நோக்கி மேடேறத் தொடங்கியது. கணவன் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சேற்றில் வழுக்கியபடி கூடவே ஓடினான். கதவு திறக்கவில்லை. "ஏங்க! ஏங்க!" என்று அவள் உள்ளிருந்து கண்ணாடியை அறைந்தாள்.

அவள் அறைந்துகொண்டிருக்கையில், அவளுக்கு அருகிலிருந்த வெற்றிருக்கையின் உறை மெல்ல அமுங்கி, அவள் பக்கமாகச் சாய்வதை அவன் பார்த்தான்.